ஓடச் சொன்ன வார்த்தை

எனக்குப் போதும் என்ற வார்த்தையே தெரியாது என்று சொந்தக்காரர்கள் முன்னால் என் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் செய்வார். உண்மைதான். இன்னொரு தோசை, இன்னொரு கரண்டி குழம்பு என்று அவர் தட்டில் தள்ளிக்கொண்டே இருப்பேன். அவர் இடது உள்ளங்கையைத் தட்டின் மேல் கவிழ்த்து மூடிக்கொண்டு, "போதும் தாயே, ஆளை வுடு" என்று கெஞ்சுவார். விரலிடுக்கு வழியாகவாவது கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் நகர்வேன்.

தட்டை உள்ளங்கையால் மூடும் பழக்கம் அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இங்கே புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் பிரெஞ்சு என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, நாலைந்து வார்த்தைகள்தான். வந்தவர்களுக்கு ஒரு போன்ழூர், தண்ணீர் கொடுத்தால் ஒரு மெர்சி. கிளாசையோ தட்டையோ கையால் மூடினால் அஸ்ஸே, அதாவது போதும். யாராவது கிளம்ப நேரமாக்கினால் முதுகில் ஒரு தட்டு, "அல்லே, அல்லே", அதாவது கிளம்பு, ஓடு. நான் லாஸ்பேட்டையில் ஒரு குமாஸ்தாவின் மகள். "தொர வூட்ல வாழ்க்கைப்பட்டுட்டேன்" என்று என் பங்குக்கு நானும் கிண்டல் செய்வேன். மாமனார் போன பிறகு அந்த வார்த்தைகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அல்லே மட்டும் தங்கியது, எங்கள் மகளைக் காலையில் எழுப்ப அது தேவைப்பட்டது. அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை அதுதான்.

என் வீட்டுக்காரர் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு ஓடும் பைத்தியம் பிடித்தது. பட்டறையில் அவருக்குக் கீழே வேலை செய்யும் நண்பரும் அவரும் விடியற்காலையில் லாஸ்பேட்டை விமான நிலையச் சாலையில் ஓடுவார்கள். வியர்த்து வழிந்து, வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வருவார். ஊரில் நடக்கும் மாரத்தானில் முழுசாக நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் ஓடிவிட வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கென்று நீல நிறத்தில் ஒரு டீ-சட்டை வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார். "கல்யாணப் பட்டுப்புடவையக்கூட நான் இப்படிப் பொத்தி வெச்சதில்ல" என்று சொன்னேன்.

ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள்தான் ஆட்டோ பிடித்தாள். பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன.

டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். முதல் வருஷம்தான் முக்கியம், திரும்ப வரக்கூடியதெல்லாம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும், ஆனால் அவர் முயற்சி செய்ய வேண்டும். அந்த 'ஆனால்'தான் எங்கள் தலையில் விழுந்த கல். முதல் சில வாரங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். பிறகு விட்டுவிட்டார். காலை எட்டு மணிக்குப் பிசியோதெரபி கொடுக்கும் தம்பி வருவான். அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கட்டையை மடக்குவதுபோல அந்தக் காலை அவன் மடக்கி நீட்டிவிட்டுப் போவான். நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. இந்த மனிதரை எப்படியாவது எழுந்திருக்க விரும்ப வைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். பிசியோ தம்பி தலையை ஆட்டிவிட்டுப் போனதும், அலமாரியைத் திறந்து அந்த நீல டீ-சட்டையைப் பிரித்து என் சுடிதார் மேலேயே மாட்டிக்கொண்டு அவர் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நீங்க எழுந்திரிக்க மாட்டீங்க, அவ்ளோதான? சரி. உங்க ஓட்டத்த நான் ஓடறேன். படுத்துக்கினே பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். இடது கை மெத்தையை விட்டு எழும்பியது. உள்ளங்கை கீழே பார்த்தபடி காற்றில் நின்றது. வாய் கோணிக்கொண்டு ஒரு சத்தம் வந்தது.

"அ...யே."

சமையலறையிலிருந்து மகள் கரண்டியோடு ஓடிவந்தாள். "அம்மா! அப்பா அல்லே சொல்றாரும்மா! உன்ன ஓடச் சொல்றாரும்மா!"

மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நானும் மகளும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம். அரியாங்குப்பத்திலிருந்து என் நாத்தனார், அவருடைய அக்கா, விஷயம் கேள்விப்பட்டுப் பஸ் பிடித்து வந்தார். தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பா குரல் அப்படியே இருக்கு. அல்லேன்னுதான் சொல்றான்" என்று உறுதியாகச் சொன்னார். கூடப் பிறந்தவரே சொன்ன பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? டாக்டரிடம் சொன்னபோது அவர், சின்ன வயதில் பழகிய வார்த்தை முதலில் வருவதுண்டு என்றார். மேலும் ஏதோ சொல்ல வந்தார். நாங்கள் கேட்கும் நிலையில் இல்லை.

இப்படித்தான் நான் ஓட ஆரம்பித்தேன். பஸ் பிடிப்பதற்குக்கூட ஓடாதவள். வயது நாற்பத்தைந்தை நெருங்குகிறது, உடம்பு அதற்கு மேலேயே காட்டும். முதல் நாள் எங்கள் முத்தியால்பேட்டைத் தெருமுனை வரை போவதற்குள் மூச்சு முட்டி, ஒரு ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள், "இன்னாமா, நாய் தொரத்துதா?" என்று கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் மூச்சில்லை.

ஓட்டம் மனசை லேசாக்கும் என்று சொல்கிறவர்களை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. எனக்கு ஒருநாளும் லேசாகவில்லை. ஓடிய ஒவ்வொரு நாளும் அது எனக்கு வெறுப்பாகத்தான் இருந்தது. தொடை உராய்ந்து புண்ணானது. கால் பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது. ஓடிவிட்டு வந்து, அவரைத் துடைத்து உடை மாற்றிவிட்டு, லாஸ்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் முன்னாலேயே கண் சொருகும். ஆனாலும் விடவில்லை. காலையில் நான் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தால் போதும், கட்டிலிலிருந்து அந்தக் கை எழும்பும், அந்த வார்த்தை வரும். அதற்காக இன்னும் பத்து மடங்கு ஓடியிருப்பேன்.

என்னைத் தாங்கியவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பட்டறை நண்பர் எனக்காகத் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு, சைக்கிளில் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் கடலை மிட்டாயும் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். "அண்ணி, மெதுவாப் போங்க, வேகம் வாணாம், நிக்காம இருந்தாப் போதும்" என்பதுதான் அவருடைய ஒரே பாடம். மகள் காலைச் சமையலையும் அப்பாவையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். நாத்தனார் வாரத்தில் இரண்டு நாள் வந்து தங்கி, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி என் காலுக்குத் தேய்த்துவிடுவார். தம்பி பெண்டாட்டியின் காலை யார் பிடிப்பார்கள்? நான் காலை இழுத்துக்கொள்வேன். "சும்மா இரும்மா. நீ ஓடனாதான் அவன் எழுந்திரிப்பான்" என்பார். எங்கள் எல்லோருடைய கணக்கும் அதுதான். நான் ஓட ஓட அவருக்கு வேகம் வரும். ஒருநாள் எழுந்து நிற்பார்.

அந்த வார்த்தை இப்போது வீட்டில் எப்போது பார்த்தாலும் கேட்டது. பிசியோ தம்பி காலை மடக்கும்போது, "அ...யே." "பாத்தீங்களா, தனக்குத்தானே அல்லே சொல்லிக்கிறாரு" என்று அவனும் சந்தோஷமாக இன்னும் இரண்டு முறை கூடுதலாக மடக்குவான். நான் கஞ்சி ஊட்டும்போது, "அ...யே." நான் இன்னும் ஒரு ஸ்பூன் ஊட்டுவேன். ஆனால் ஒரு விஷயம் எங்களுக்குப் புரியவே இல்லை. இவ்வளவு அல்லே சொல்கிற மனிதர் காலை அசைக்க மட்டும் கொஞ்சமும் முயலவில்லை. பிசியோ தம்பி போனதும் முகம் சுவருக்குத் திரும்பிவிடும்.

பேச்சுப் பயிற்சி மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒரு பெண் வருவாள். மெழுகுவர்த்தியை ஊதச் சொல்வாள், பாம்பு மாதிரி சீறச் சொல்வாள். காலுக்கு முரண்டு பிடித்தவர் இதற்கு முரண்டு பிடிக்கவில்லை. அவள் போன பிறகும் சுவரைப் பார்த்தபடி தனியாகச் சீறிப் பழகிக்கொண்டிருப்பார். எச்சில் வழியும், கழுத்து நரம்பு புடைக்கும். கதவருகே நின்று பார்த்து நான் பூரித்துப் போவேன். மனுஷன் பேசத் துடிக்கிறார், என்னிடம் சொல்ல ஏதோ வைத்திருக்கிறார் என்று மகளிடம் சொன்னேன்.

மாரத்தான் நாள் விடியும் முன்பே நண்பர் சைக்கிளோடு வந்து நின்றார். மகளும் நாத்தனாரும் என் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் கடற்கரைச் சாலைக்குக் கொண்டுவந்து ஓட்டம் முடியும் இடத்தில் நிழலாகப் பார்த்து உட்கார வைப்பது என்று ஏற்பாடு. நான் நீல டீ-சட்டையோடு குனிந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தேன், மகள் பார்க்கிறாள் என்ற வெட்கம்கூட இல்லாமல். அவர் இடது கையால் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். "அ...யே, அ...யே." பிடியை விடுவிக்கக் கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. அன்போடு பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கடற்கரையில் தொடங்கி, தெற்கே அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி, மறுபடியும் அதே வழியில் ஒரு முறை போய்வர வேண்டும். முதல் சுற்று எப்படியோ போனது. நாத்தனாரின் தெருப் பெண்கள் அரியாங்குப்பம் ரோட்டோரம் குடத்தில் நீர்மோர் வைத்துக்கொண்டு நின்றார்கள். கல்லூரி அலுவலகத்துத் தோழிகள் வாழைப்பழத்தோடு வந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தேர் இழுப்பவர்களைப் போல ஆளாளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது சுற்றில் வெயில் ஏறியது. காற்று நின்றுவிட்டது. திரும்பி வரும்போது பாலத்துக்குப் பக்கத்தில் என் கால்கள் என்னுடையவையாக இல்லை. முழங்காலில் யாரோ ஆணி அடித்தார்கள். ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூட்டரில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனார்கள். எதற்கு இதெல்லாம் என்று தோன்றியது. நான் ஓடினால் அவர் கால் எப்படி அசையும்? இத்தனை மாதம் ஓடினேனே, அசைந்ததா? டாக்டர் சொன்ன வருஷம் முடியப்போகிறது. இனி அவர் எழுந்திருக்கப் போவதில்லை என்பது எனக்கு எப்போதோ தெரியும். அது தெரியாமல் இருப்பதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

நண்பர் தலையில் தண்ணீர் ஊற்றினார். "வுட்ருங்க அண்ணி, வூட்டுக்குப் போலாம்" என்று அவரே சொன்னார். பிறகு மனசு கேட்காமல் என் மகளுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார்.

"அம்மா, நிக்காதம்மா. இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்... அப்பா, அம்மா ஒக்காந்துட்டாங்களாம், சொல்லுங்கப்பா!"

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம். பிறகு அந்த வார்த்தை. அதன் நடுவில் ஏதோ சீறியது. கடற்கரைக் காற்று போனில் இரைகிறது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் இவ்வளவு பலமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மகள் அழுதுகொண்டே, "கேட்டியாம்மா? அல்லே! அல்லே!" என்றாள்.

எழுந்தேன். அதற்குப் பிறகு ஓடினேன் என்று சொல்ல முடியாது. நொண்டினேன், நடந்தேன், சில இடங்களில் நண்பரின் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொள்ளக் கை போனது, இழுத்துக்கொண்டேன். வழியெல்லாம் அந்தக் குரலையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஓடு என்கிறார், ஓடு என்கிறார்.

கடற்கரைச் சாலைக்குள் திரும்பியபோது கூட்டம் பெரும்பாலும் கலைந்திருந்தது. பந்தலைக்கூடப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் என் ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். மகளும் நாத்தனாரும் தோழிகளும் கை தட்டி, "அல்லே! அல்லே!" என்று கத்தினார்கள். யாரென்றே தெரியாத நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். நடுவில் நாற்காலியில் அவர். கோட்டைத் தாண்டி நேராகப் போய் அவர் காலடியில் விழுந்தேன்.

"முடிச்சிட்டேங்க. உங்க ஓட்டத்த முடிச்சிட்டேன்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் நொண்டி வந்த கால்களை, சட்டையில் உறைந்த உப்பை, வெயிலில் கறுத்த முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடது கை எழும்பியது. உள்ளங்கை கீழே பார்த்தபடி வந்து என் தலைமேல் கவிழ்ந்தது. ஒரு தட்டை மூடுவதுபோல மூடியது. மாதக்கணக்கில் தனியாகச் சீறிச் சீறிப் பழகிய அந்த எழுத்து, கடைசியில் பிசிறில்லாமல் வந்தது.

"அஸ்ஸே."

சுற்றிலும் எல்லோரும் அல்லே அல்லே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். "அப்பா எவ்ளோ தெளிவா சொல்றாரு பாரும்மா!" என்று மகள் குதித்தாள். நான் நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தேன். அவர் கை தட்டுவதை நிறுத்தியிருந்தார். அவருடைய அப்பா கிளாசை மூடிக்கொண்டு சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். என் கண்ணைப் பார்க்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

அன்று காலை என் சட்டையைப் பிடித்து இழுத்தது, போனில் கத்தியது, பிசியோ தம்பி காலை மடக்கும்போது சொன்னது, கஞ்சி ஸ்பூனுக்குச் சொன்னது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பாவி மனுஷன் போதும் என்று தினமும் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல நாங்கள் ஓடியிருக்கிறோம். கழுத்தில் மெடலைப் போட்டார்கள். எனக்கு வாந்தி வந்தது. வெயிலால் என்று நண்பர் எல்லோரிடமும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில் மகள் அந்த மெடலை அவர் நாற்காலியின் கைப்பிடியில் மாட்டியிருந்தாள். நான் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். நாலைந்து வாய் வாங்கினார். பிறகு கை வந்து தட்டை மூடியது.

"அஸ்ஸே."

இன்னும் ஒரே ஒரு வாய் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"போதுமா?" என்று கேட்டேன். அவர் விழுந்த நாளிலிருந்து நான் அவரிடம் கேட்காத கேள்வி அது. அவர் கண்கள் பெரிதாகின. என்னையே பார்த்தார்.

"சாப்பாடு போதுமா?"

கண் அசையவில்லை.

"நான் ஓடனது போதுமா?"

அசையவில்லை. கேட்காமல் எழுந்து போயிருக்கலாம்.

"எல்லாமேவா?"

ஆமாம் என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார். இரண்டு பக்கமும் நீர் இறங்கியது. அந்த முகத்தில் நான் பார்த்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தார். ஒரு வழியாக ஒருத்திக்காவது கேட்டுவிட்டது என்று இருந்தார். தட்டிலிருந்து கையை எடுத்து, சோறு ஒட்டியிருந்த என் கைமேல் வைத்து மெல்ல அழுத்தினார். அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. என்னை அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது.

உள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, நாளைக்குப் பிசியோ அண்ணன வரச் சொல்லட்டுமா? நீ டயர்டா இருப்பியே, வாணாம்னு சொல்லிடவா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும்" என்றேன். "எப்பவும்போல எட்டு மணிக்கே வரச் சொல்லு."

என் கைமேலிருந்த அவர் கை எழும்பியது. காற்றில் கொஞ்சம் நின்று, பிறகு பழையபடி தட்டின் மேல் போய்க் கவிழ்ந்தது.